மூன்று சுழி

இந்த வீட்டில் மாமா என்றால் வீட்டுக்காரி,
பாபா என்றால் அவள் புருஷன்.
குவைத்துக்கு வந்த புதிதில் தங்கச்சியிடம் சொன்னேன்,
மாமாவுக்கு நேற்றுப் பிரசவம் என்று.
போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தாள்.

சல்வாவில் மூன்று மாடி வீடு.
சமையலறை தரைக்குக் கீழே.
என் போனுக்கு அங்கே ஒரு கோடுகூட ஏறாது.
அதனால்தான் பாபா அந்தப் பெட்டியை வாங்கி வந்து
மசாலா டப்பாக்களுக்கு நடுவில் வைத்தார்.
பூசணிப் பிஞ்சு அளவு,
சாம்பல் துணி போர்த்தியது.

மாடியில் மாமா டேப்லெட்டைத் தொடுவாள்.
கீழே டிங் என்று ஒரு சத்தம், அப்புறம் அவள் குரல்:
ரானி, தாலி.

தாலி என்றால் இங்கே வா என்று அர்த்தம்.
என்னுடையது ஊரில் அடகுக்கடையில் இருக்கிறது.
பெட்டி நாளைக்கு இருபது தடவை ஞாபகப்படுத்தும்.
ரானி என்பது நான்.
சகாயராணியில் முன்பாதி முதல் வாரமே போனது,
பிறகு ஒரு சுழி.

போன புதன்கிழமை டிங் வரவில்லை.
டேப்லெட்டில் ஒரு வெள்ளைக் கட்டம் வந்து நிற்கிறதாம்.
பெரிய மகள் தலால் வாசித்துச் சொன்னாள்:
கருவி பழசு, இதில் இனி அந்த ஆப் ஓடாது.
மாமாவின் போனிலும் அதே பதில்,
எழுத்தைப் பெரிதாக்கிப் பழகிவிட்டது என்று
எட்டு வருஷமாக அவள் மாற்றாத போன்.
இரண்டிலும் கீறல் கிடையாது. சார்ஜ் நிற்கிறது.
எங்கேயோ இருந்து யாரோ வேண்டாம் என்றுவிட்டார்கள்.
பெட்டிக்கு ஒன்றும் தெரியாது.
சின்ன விளக்கைக் காட்டிக்கொண்டு
தயாராக உட்கார்ந்திருந்தது.

முதல் நாள் எனக்குக் காது கூசியது.
ஃப்ரிட்ஜ் உறுமுவதும்
புகை இழுக்கிற விசிறியில் மணல் உரசுவதும்
அன்றைக்குத்தான் தனித்தனியாகக் கேட்டன.
கூப்பிட்டிருப்பாளோ, கூப்பிட்டிருப்பாளோ என்று
நானாகவே ஏறிப் போய்ப் பார்த்தேன், ஒன்பது தடவை.
நாற்பத்திரண்டு படி.
நிம்மதி என்று சொல்ல ஆசைதான்.
ராத்திரி முழங்காலுக்குத் தைலம் தேய்க்கும்போது
பெட்டியைத்தான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மாமாவே இறங்கி வந்தாள்,
கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக.
நான் தட்டும் கையுமாக இருந்தேன். எழுந்தேன்.
அவள் உட்கார்ந்தாள்,
என் முக்காலியில். முக்காலி என்ன,
கவிழ்த்து வைத்த பெயிண்ட் வாளி.
தேநீர் கிளாஸ் எந்த அலமாரி என்று
அவளுக்குத் தெரியவில்லை.
சர்க்கரையும் தெரியவில்லை.
தலைத்துணியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு
ஹார், என்றாள். சூடு.
ஏழு வருஷச் சூடு.
ஆமாம் மாமா, என்றேன்.
பாதித் தேநீரை வைத்துவிட்டு ஏறிப் போனாள்.
என் சோறு ஆறியிருந்தது. மூடி வைத்தேன்.

சனிக்கிழமை புது டேப்லெட் வந்தது.
டிங். ரானி, தாலி.
ஃபேன் ஏதும் வரவில்லை.

பழையதை எனக்கே கொடுத்துவிட்டாள்.
பிள்ளைகளின் முகம் பார்க்கிற ஆப்பும்
அதில் ஏற மாட்டேன் என்கிறது.
மணி காட்டும். குரல் பதியும். அவ்வளவுதான்.

ராத்திரி கதவைச் சாத்திவிட்டு
அதை வாயருகே பிடித்து
சகாயராணி என்று சொன்னேன், ஒரே தடவை,
மூன்று சுழியும் விழுகிற மாதிரி நாக்கை மடித்து.
வா என்று சொல்லவில்லை.

போட்டுக் கேட்டேன்.
காலை நீட்டியபடியே கேட்டேன்.