செங்கிணற்றின் கணக்கேடு

முதலில் ஒரு மாடு வந்ததாம்,
பின்னங்காலை இழுத்துக்கொண்டு சேற்றில் இறங்கி
மூன்றாம் நாள் துள்ளி ஓடியதாம்.
விளம்பரத் தாளில் அது மான் ஆயிற்று,
வியன்னாவுக்குப் போன தாளில் வெண்மான்.
மாட்டுக்காரன் இக்னாத்ஸ் மட்டும் சாகும்வரை சொன்னான்:
பனி விழுமுன் செத்தது அது,
தோலுக்கு ஆறு வெள்ளி கிடைத்தது.

வெரெஷ்குட் என்றால் செங்கிணறு.
கார்ப்பாத்திய மலைமடிப்பில் எழுபது வீடு,
ஊறும் நீருக்கு மதுநீர் என்று பெயர்,
நாவில் வைத்தால் ஆணி.
விற்பதற்கு முன் எல்லாவற்றையும் எண்ணச் சொல்லி
நகராட்சி என்னை அனுப்பியிருக்கிறது.

துத்தநாகத் தொட்டி பதினான்கு,
ஒன்றில் துப்பாக்கிக் குண்டின் ஓட்டை.
பிரம்பு நாற்காலி: முதுகோடு மூன்று,
முதுகில்லாமல் ஒன்பது.
கணக்கேடு நாற்பத்திரண்டு. முதலில் மகியார்,
பிறகு ருமேனியன், பிறகு ரப்பர் முத்திரை மட்டும்.

'குணமானோர்' என்று ஒரு பத்தி.
எழுத்தர் ஆகோஷ்டன் அதை
மே மாதமே நிரப்பிவிடுவார்,
விருந்தினர் வருமுன்,
ஒரே மையில், ஒரே உட்காரலில்:
இருநூற்றுப் பன்னிரண்டு.
ஆண்டுதோறும் இரண்டு கூட்டினார்.
பேராசை இல்லாத பொய்.

ஒரே ஒரு வரியில் மட்டும் கை நடுங்கியிருக்கிறது.
1911, ஜூலை 9. த்ஸெட்ஸிலியா, தறிக்காரர் மகள்,
வலது கை. *அசைந்தது.*
அடித்திருக்கிறார். *அசையவில்லை.*
அதையும் அடித்து,
ஓரத்தில், இடமில்லாத இடத்தில்:
*சிறிது. நான் பார்த்தேன்.*

குளியல் இல்லத்துக்குப் பின்னால் ஒரு குழி,
பூமி மூச்சு விடும் இடம்.
இடுப்பளவு கனத்த காற்று, கண்ணுக்குத் தெரியாது.
மூட்டுவலிக்காரர்கள் உடையோடு இறங்கி நிற்பார்கள்.
போர்பாலா மெழுகுவர்த்தியை மெல்லத் தாழ்த்துவாள்.
சுடர் அணையும் உயரம் உயிரின் எல்லை,
அதற்கு மேல் தலை இருக்கவேண்டும்.
பதினாறாம் ஆண்டு, பின்வாங்கிய படையில்
இருவர், மழைக்கு ஒதுங்க,
இதமாக இருக்கிறதே என்று அங்கேயே படுத்தார்கள்.
ஏட்டில்: *இருவர். ஓர் இரவு.*
*கட்டணம் வசூலாகவில்லை.*

பிறகு எல்லைக்கோடு நகர்ந்தது.
நிலையத்துப் பலகையில் புதுப் பெயர் எழுதினார்கள்.
இரண்டு பெயரையும் துரு தின்றது,
பழையதை முதலில்.

பிறகு சங்கச் சீட்டோடு சுரங்கக்காரர்கள்,
கோடு போட்ட இரவுடை, காலை ஏழுக்கு ஒலிபெருக்கி,
கரி இருமும் மார்புகள் வரிசையாய் நீரில்.
ஏடு சொல்கிறது: *குணம்: நூறு சதவீதம்.*
ஆகோஷ்டனுக்குக் கூச்சமாவது இருந்தது.

பிறகு புட்டியில் அடைக்கும் ஆலை.
குழாயை நீரே அடைத்தது,
இரண்டு ஆண்டில், செம்மண் போல் இறுகி.
பொறியாளர் மாறினார், குழாய் மாறியது.
நீர் மாறவில்லை.

மாலைக்குள் எண்ணி முடித்தேன்.
ஊற்றுக்கு மட்டும் பத்தி இல்லை.
அசையும் சொத்தா, அசையாச் சொத்தா?
ஈரக் கல்லில் பேனாவோடு நிற்கிறேன்.

பின்னால் பிளாஸ்டிக் புட்டிகள் மோதும் சத்தம்.
தள்ளுவண்டியில் பதினெட்டு.
சாலைப்பணி உடுப்போடு இல்கா,
வேலை முடிந்து நேரே வந்தவள்.
"குணமாகுமா?" என்று கேட்டேன்.
"முட்டைக்கோசுக்கு நல்லது" என்றாள்,
"கொஞ்சம் நகருங்கள்,
வாய்மேல் நிற்கிறீர்கள்."