இருபத்து மூன்றாம் அடிக்குறிப்பு

பாரத்தின் ஏழாம் கட்டம் கேட்கிறது:
குடும்பத்தில் சட்டத்துறையோடு தொடர்புடையவர் எவரேனும் உண்டா?
அண்ணனை எழுதலாமா என்று பார்த்தேன்.
சாலை வரி கட்டாத மோட்டார் சைக்கிளுக்காக
மூன்று தடவை கோர்ட்டில் நின்றவன்.
பிறகு 'இல்லை' என்று போட்டேன்.
ஒன்பதாம் கட்டம், வெளியான கட்டுரைகள்.
அங்கேயும் இல்லை.

பகாவ் பஸ் நிலையத்துக்கு எதிரே
யோங்கின் போட்டோஸ்டாட் கடை. பக்கத்துக்கு இருபது சென்.
விடுமுறைக்கு நான் வந்து இறங்கினாலே
கடன் நோட்டைத் திறந்துவைத்துவிடுவார்.
சிறுபான்மைச் சட்ட மாணவருக்கு ஒரு நிதி,
ஆண்டுக்கு ஒருவருக்கு, ஆறாயிரம் ரிங்கிட்.
கட்டுரை தேறினால் சட்ட இதழில் அச்சும் ஆகும்.
நான்கு பிரதி, கறுப்பு மை, வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள்.

ஒருவருக்கு.
அறைத்தோழி மெலாத்தியும் நானும்
ஒரே மேசையின் இரு முனையில் உட்கார்ந்து
ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் எழுதினோம்.
அவள் தெமுவான், ஜெலெபுக் காட்டோரம்.
அவள் கட்டுரையில் ஓர் ஆறு, எல்லைக்கல் இல்லாத நிலம்.
என்னுடையதில் கைமாறிய தோட்டம், ஒரு லயம்,
காலி செய்யச் சொன்ன ஒரே ஒரு தாள்.
சிறுபான்மை எவ்வளவு சிறிய சொல் என்பது
மேசை விளக்கை யார் பக்கம் திருப்புவது
என்பதில் தெரிந்தது.

இதழிலிருந்து மின்னஞ்சல்:
அடிக்குறிப்பு 23. நோட்டீசில் தேதி இல்லை.
சரிபார்க்க இயலாத ஆதாரம். நீக்கவும்.

நீக்கினால் கட்டுரையில் என்ன மிஞ்சும்?
ஏப்ரல் முப்பதுக்குள் வெளியேறு என்கிறது தாள்.
என்றைக்குச் சொன்னது என்று சொல்லவில்லை.
மூன்று மாத அவகாசம் கொடுத்தோம் என்கிறது கம்பெனி.
லயத்தில் ஆளுக்கொரு கணக்கு.
சித்திரை பிறந்து பலகாரம் தீருவதற்குள் என்றார் பொன்னுருவி அக்கா.
அதற்கு முந்தியே என்று அவர் கணவரே மறுத்தார்.

குழாயடிக் கம்பத்திலிருந்து
மழைக்கு முன் நான் உரித்தெடுத்த தாள்
அன்றுமுதல் கோப்பில்தான் கிடந்தது.
பின்பக்கம் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை இத்தனை நாள்.
பசையோடு இன்னொரு தாளும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது,
சுகாதார இலாகாவுடையது:
கொசுப்புகை அடிக்கப்படும், சன்னல்களைத் திறந்து வைக்கவும்.
கையெழுத்துக்குக் கீழே, ஏப்ரல் பதினாறு.

மேலே ஒட்டியது
கீழே இருப்பதற்கு முந்தி வந்திருக்க முடியாது.
இதற்குச் சட்டப் புத்தகம் வேண்டாம்,
தேர்தல் போஸ்டர் ஒட்டும் பையனைக் கேட்டால் போதும்.
மூன்று மாதமில்லை. பதினான்கு நாள்,
அதுவும் மிஞ்சிப்போனால்.

யோங் சட்டை நுனியால் கண்ணாடித் தட்டைத் துடைத்தார்.
இரண்டு பக்கமும் எடுத்தார்.
"இது டெங்கியா, கேசா?"
இரண்டும்தான், தவுக்கே.

நிதி மெலாத்திக்குப் போனது.
பொய் சொல்வானேன், இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.
மூன்றாம் நாள் அவள் கட்டுரையை முழுக்கப் படித்தேன்.
பதினோராம் பக்கத்தில் ஒரு வழக்கின் ஆண்டு தப்பு. சொன்னேன்.
திருத்திக்கொண்டாள்.
எனக்கு அச்சு. பணமில்லை, இதழ் இரண்டு இலவசம்.
லயம் போய்விட்டது, வழக்கு போய்க்கொண்டிருக்கிறது.
பொன்னுருவி அக்காவின் வக்கீல்
ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிப்போனார்.

மற்றதோடு திரும்பவும் யோங் கடை.
வேறொரு நிதி, வேறொரு பாரம்.
வெளியான கட்டுரைகளுக்கு ஒற்றை வரிதான் விட்டிருக்கிறார்கள்.
என் தலைப்பு நீளம். எழுத்து கோட்டைத் தாண்டி,
'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்' என்ற கட்டத்துக்குள்
போய் நிற்கிறது.
நிற்கட்டும்.

விரலை நனைத்துப் பக்கங்களை எண்ணுகிறார் யோங்.
பதினெட்டு ரிங்கிட் நாற்பது,
பழைய கணக்கோடு சேர்த்து.