வெறும் டிரம்

முதல் டிரம்மில் என்ன இருந்தது என்று கேட்டேன்.
"எண்ணெய்தான்" என்றார் சிக்கந்தர்.
என்ன எண்ணெய் என்று அவரும் சொல்லவில்லை,
டிரம்மும் சொல்லவில்லை.
மூடியைக் கழற்றி மூக்கை உள்ளே விட்டேன்.
கழனிவாசல் வெயிலில்
ஒரு பூச்சிமருந்துக் கடை முழுதும் தலைக்குள் ஏறியது.

இரண்டாவதில் ஃபினாயில்.
மூன்றாவதை உருட்டி வரும்போதே
ஈக்கள் பின்னால் வந்தன.
வெல்லப்பாகு.
ஈ பொய் சொல்லாது.
எண்ணூறு ரூபாய்க்கு முடித்தேன்.

புகைபோக்கிக்குக் குழாய்.
பளபளவென்று இருந்ததைத்தான் எடுத்தேன்.
வெல்டர் குழந்தைசாமி அதைப் பிடுங்கி
மறுபடி குவியலில் எறிந்தான்.
"நாகம் பூசினது. சூடேறினா அதுவும் புகையும்.
ஒருநாள் தெரியாம பத்தவச்சுட்டு
சித்திரை மாசத்துல போர்வை கேட்டு நடுங்கினேன்."
கறுத்த இரும்பு ஒன்றைக் கையில் கொடுத்தான்.
பார்க்கச் சகிக்காது.

கறி வைக்கும் வலைக்கு
முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு ஜன்னல் கம்பி.
இடித்த வீட்டினுடையது. பூவேலை.
பச்சை உரிந்த இடத்தில் நீலம்,
நீலம் உரிந்த இடத்தில் இன்னும் ஏதோ.
அந்தப் பூச்சுகளில் எந்த ஈயம் உறங்குகிறதோ!
விட்டுவிட்டு,
மூடிப்போன மெஸ் ஒன்றின்
தட்டு அடுக்கும் எவர்சில்வர் தாங்கியை
எடைக்கு வாங்கினேன்.
காந்தம் ஒட்டவில்லை. நல்லது.

விறகில்தான் சறுக்கினேன்.
அதே தெருவில் பர்மாத் தேக்கு,
தூண் அறுத்த துண்டுகள், கிலோ கணக்கில்.
கடல் தாண்டி வந்த மரம்,
புகையிலும் ஒரு அந்தஸ்து இருக்காதா என்று
ஒரு சாக்கு கட்டி வந்தேன்.
ஒரேயொரு கோழித்தொடையை
அந்தப் புகையில் காட்டிப் பார்த்தேன்.
கசப்பு. வார்னிஷ் குடித்த கசப்பு.
மகள் பூங்கோதை அதை நாய்க்கு வைத்தாள்.
நாய் என்னைப் பார்த்தது.

பிறகு கண்மாய்க்கரை.
தாசில்தாரிலிருந்து ஆட்டுக்காரர் வரை
அத்தனை பேரிடமும் ஏச்சு வாங்கும் சீமைக்கருவேலம்.
வெட்டட்டுமா என்றால் ஏனென்று யாரும் கேட்கவில்லை.
"வேரோட எடுத்துக்க" என்றார்கள்.
முள் முதலில் செருப்பைத் துளைத்தது,
அப்புறம் வண்டி டயரை.
பட்டையை உரித்து நாலு மாதம் காயப்போட்டு
ஒரு விரல்கடைத் துண்டைக் கொளுத்தினால்,
நீலமாய், மெலிதாய்,
கண் கரிக்காத ஒரு புகை.
அடியில் ஒரு இனிப்பு.
இதை ஊரில் யாரிடம் போய்ச் சொல்ல?

மிச்சமிருந்த தேக்கில் ஒரு துண்டு
மூடிக்குக் கைப்பிடி ஆனது.
சுடாது, வழுக்காது.
அதற்கு அந்த வேலை போதும்.

மூடி இடுக்கில் கசிவு.
பசை, ரப்பர், கயிறு என்று நான் தேடிக்கொண்டிருக்க
சிக்கந்தர் போனில் சிரித்தார்:
"பிரியாணி தம் போட்டதே இல்லியா நீங்க?"
மைதா பிசைந்து ஒட்டினேன்.

நேற்று முதல் தீ.
கறி கிடையாது.
உள்ளே கடலெண்ணெய் தடவி
நாலு மணி நேரம் சும்மா எரித்து
இரும்பின் பழைய வாசனைகளைத் துரத்த வேண்டும்.
மூன்றாம் மணியில்
சுவருக்கு மேல் லூர்துசாமி சாரின் தலை.
"என்ன வேகுது?"
"டிரம்."
அவர் நம்பவில்லை.
தலை மறைந்தது.
கொஞ்ச நேரத்தில் வாசல் வழியாக வந்தார்,
கையில் கழுவிய தட்டோடு.