ஈய வில்லை

சிங்காநல்லூர் பழைய இரும்புக் கடையில்
எடைக்கு வாங்கிய பித்தளை.
புளி போட்டுத் தேய்த்ததும்
மில் கேன்டீன் வில்லைகள்.
ஆலையின் பெயர் போய்
'அரை டீ' மட்டும் மிச்சம்.

கேட்டுக்குள் செல்ல வேண்டியவை
வெளியிலும் நடமாடியிருக்கின்றன.
ஒன்றின் முதுகில்
ஆணியால் கீறிய மூன்று கோடு:
பீடிக்கடைப் பாக்கியோ, அரிசிப் படியோ.
சம்பளத்துக்கு நாலு நாள் இருக்க
டீயைக் குடிக்காமல்
உப்பு வாங்கிப் போயிருக்கிறார்கள்.

நாற்பத்தொன்றில் ஒன்று ஈயம்.
கள்ள வில்லை.
'டீ'யின் சுழியே திரும்பிக் கிடக்கிறது,
தரையில் போட்டால் சத்தமில்லை.
மற்றதையெல்லாம் விட
அதுதான் அதிகம் தேய்ந்திருக்கிறது.

"ஈயம் மெத்துங்க, அதான்"
என்கிறார் கடைக்காரர் சென்னியப்பன்.

இருக்கலாம்.
தேய்வதற்கும்
அத்தனை பேர்
வாங்கிக்கொண்டிருக்க வேண்டுமே.