ஒட்டுக்குள் கடுகு

அருவி வெட்டு முடிந்த மறுநாளே
கைதடி வயல்வெளி எல்லாருக்கும் பொது.
மாடுகள் தாங்களாகவே வந்து இறங்கும்,
ஆள்விட்டுச் சொன்ன மாதிரி.

அந்தப் பொதுவுக்குள்ளிருந்து
என் நாலு பரப்பை
நான் திருப்பிக் கேட்டேன்.
அடியில் ஈரம் இருந்தது, அதுதான் காரணம்.

விதை இரண்டு தேத்தண்ணிக் கோப்பை.
தனியே எறிந்தால் ஓரிடத்தில் குவியும் என்று
குருமணல் எட்டுப் பங்கு கலந்து வீசினேன்.
எது மணல், எது கடுகு என்று
நாலு நாள் நிலத்துக்கே தெரியவில்லை.
ஐந்தாம் நாள் தெரிந்தது.

"தாளிக்கவோ பிள்ளை இவ்வளவும்?"
வரம்பில் நின்று கேட்டார் இராசநாயகம்.
அவருக்கு ஐந்து மாடு.

மழை ஒரு துளி இல்லை.
தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள்,
துளைக்கட்டும் என்று விட்டேன்.
அசுவினிக்குச் சவர்க்காரத் தண்ணி.
சுற்றிவரக் கயிறு, கயிற்றில் பழைய சீலைக் கிழிசல்.
பூத்தபோது
வீதியில் மோட்டார் சைக்கிள்கள் நின்றன.
படம் எடுத்தார்கள், பூவுக்குள் நின்று சிரித்தார்கள்.
ஒருவரும் விலை கேட்கவில்லை.

ஒருநாள் விடியப் போனால்
வடக்கு மூலையில் ஒரு பாய் அகலத்துக்கு
மொட்டை.
குளம்புத் தடத்தில் பெயர் எழுதியிருக்காது.
சண்டைக்குப் போகவில்லை நான்,
ஊர் வழக்கம் மாட்டின் பக்கம்.

அன்று பால் சங்கத்தில்
இராசநாயகத்தின் கலனைத் திருப்பி அனுப்பினார்கள்.
பால் கடுகு மணத்ததாம்.
மத்தியானத்துக்குள் ஒழுங்கை முழுக்கக் கதை.
அவர் வீட்டுத் தேத்தண்ணி
மூக்கில் ஏறியது என்று
அவருடைய மருமகளே சொன்னாள்.

மூன்றாம் நாள் வந்தார்.
தோளில் மாட்டுக் கயிறு.
அதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை.
"எப்ப வெட்டு?"

"பனி காய முதல் வெட்டவேணும்.
வெயில் பட்டால் காய் வெடிச்சுக்
கொட்டுண்டு போம்."

பங்குனிக் கடைசி, விடிய நாலரை.
டோர்ச் வெளிச்சம் வரம்பால் நடந்து வந்தது,
பின்னால் அவர், இரண்டு அரிவாள்.
ஈரக் காய்கள் சத்தமில்லாமல் சாய்ந்தன.
நாங்களும் பேசவில்லை.
கடலேரிப் பக்கம் வெளுத்து
முதற்காய் எங்கோ வெடித்தபோது
நாரியைப் பிடித்து நிமிர்ந்தார்:
"செவலையின்ர பால்
ஒரு கிழமை மணத்தது."

முப்பத்தேழு கிலோ.
கூலியும் கயிறும் கழித்தால் நட்டமில்லை,
லாபம் என்று வெளியில் சொல்லவும் ஏலாது.
மூன்று கிலோவை அவர் வாங்கவில்லை.
மருமகள் வந்து வாங்கிப் போனாள்.

பின்னேரம் கயிற்றை அவிழ்த்தேன்.
மாடுகள் இறங்கின, செவலை முன்னால்.
வெடித்த நிலத்தின் பிளவுகளுக்குள்
நான் பொறுக்காத மணிகள் எத்தனையோ.
மழை வரும்போது வரம்போரம்
ஒன்றிரண்டு மஞ்சளாய் நிற்கும்.
பிடுங்குவேனோ தெரியாது.