இடக்கன்னம்

சமையல் மேசைமேல் மூன்று கட்டைகள்.
வால்நட் அழகு; மழையில் ஊதும்,
குழலை நெருக்கும், குறி ஒரு விரற்கடை தப்பும்.
ஃபைபர் கட்டையைத் தட்டினான் வெர்லின்:
வெற்று டப்பா.
ஒட்டுமரம் கனம். அதனாலென்ன,
டிரக் பானட்டில் சாய்த்துத்தானே சுடுகிறான்,
மலையா ஏறுகிறான்?

கண்ணை மூடிக் கன்னம் பதித்துத் திறந்தால்
தொலைநோக்கியின் நடுவில் கண் நிற்க வேண்டும்.
மூன்றிலும் நின்றது.

"எனக்கு?" என்றாள் ட்வைலா, ஈரக் கையோடு.
இடக்கைக்காரி.
வயோமிங் காற்றில், அல்ஃபால்ஃபா வயலில்,
பசுவின் காலை முறித்த வளைகளின் தரை அணில்கள்
போன கோடையில் அறுபத்திரண்டு,
அவள் கணக்கில் மட்டும்.
அவனுடையது
சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

விலைப்பட்டியலை மறுபடி விரித்தான்.
இருபுறமும் கன்னம் கொள்ளும் கட்டை
ஒன்றே ஒன்று இருந்தது.
நிறம்தான் கொஞ்சம் அசிங்கம்.