கால்மாட்டில் அடுப்பு

கருவாடு விற்ற வண்டி இது.
மூன்று முறை சோடா உப்பு, ஒரு முறை டெட்டால்.
மழை நாளில் மட்டும்
நெத்திலி திரும்பி வரும்.
உச்சிப்புளியில் வாங்கினேன்.
பின்சீட்டு இல்லையே என்று
இரண்டாயிரம் குறைத்துப் பேசினேன்.
பின்சீட்டே வேண்டாம் என்பதைச்
சொல்லவில்லை.

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை
கடற்புல் எண்ணுகிற வேலை எனக்கு.
மாதத்தில் பதினெட்டு இரவு வெளியே.
எந்த ஊர் லாட்ஜிலும்
பேனா ஒரே இடத்தில் வந்து நிற்கும்:
"கூட யாரு?"
யாருமில்லை என்று எழுத
அந்தப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

தங்கச்சிமடத்தில் ஃபைபர் வள்ளத்துக்கு
ஒட்டுப்போடும் ஜெனோவா
ஞாயிறு பூசை முடித்து வந்தாள்,
காதில் பென்சிலோடு.
ஆம்னியின் சுவரில் மட்டப்பலகை வைத்தேன்.
"அத வீட்டுல வைங்க.
வள்ளத்துக்கும் இதுக்கும் நேர்கோடு ஏது?"
டிவி வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து
வைத்து, வெட்டி, வைத்து, வெட்டி
நாலாவது அட்டை
தகரத்தில் கன்னம் வைத்துக்கொண்டது.
அதைப் பலகையில் வரைந்தோம்.

இரும்பு ஸ்க்ரூ வாங்கிவந்ததற்கு
ஏச்சு வாங்கினேன்.
"ஆறு மாசத்துல செவப்பா அழும்."
உப்புக்காற்றுக்கு நடுவே உட்கார்ந்து
உப்புத்தாள் தேய்த்தேன், இரண்டு ஞாயிறு.
திங்கட்கிழமை அலுவலக எந்திரம்
என் விரலை ஐந்து முறை வாங்கிப் பார்த்துவிட்டு
யாரென்று தெரியாது என்றது.

பின்கதவோரம் சமையல் பெட்டி.
கதவைத் தூக்கினால் அதுவே கூரை,
மணலில் நின்று சமைக்கலாம்.
மேல் இழுப்பறையில் பருப்பு, மிளகாய்த்தூள்.
கீழே மாதிரிக் குப்பிகள்.
மீதி நீளம் கட்டிலுக்கு.
நாடா பிடித்தாள்: நாலடி பத்தங்குலம்.
நான் ஐந்தடி இரண்டு.

அடுப்பை விடுவதா
முழங்காலை மடக்குவதா என்று
டீ ஆறும்வரை பேசவில்லை.
பிறகு ஜெனோவா தானே ஏறிப் படுத்தாள்.
கால் பெட்டியில் இடித்தது.
எழவில்லை. என்னிடம் பென்சிலை நீட்டினாள்:
"குதிகால் பட்ட எடத்துல கோடு போடு."
இழுப்பறைகளுக்குப் பக்கத்தில்
அடுப்புக்கு நேர் கீழே
ஒன்றரைச் சாண் உயரத்தில் ஓர் ஓட்டை.
மரத்தூளை ஊதிவிட்டுச் சிரித்தாள்:
"கல்யாணம் வேணாம்னு கெளம்புனவ காலு
அடுப்படியிலதான் கெடக்குன்னு
ஒங்க அம்மாகிட்ட சொல்லு,
சந்தோசப்படும்."

பாம்பன் பாலத்தில் ஓட்டிப் பார்த்தோம்.
காற்று பக்கவாட்டில் ஒரு தள்ளு.
மேல் இழுப்பறை திறந்து
துவரம்பருப்பு
என் முதுகுக்குப் பின்னால் பெய்தது.
காந்தம் போதவில்லை.
வேப்பங்கட்டையில் ஒரு துண்டு, நடுவில் ஒரு ஸ்க்ரூ,
திருப்பினால் குறுக்கே நிற்கும்.
கீழ் இழுப்பறை இன்னும் மூடாது,
ஒரு நூல் இடிக்கிறது.

முதல் இரவு வாலிநோக்கம்.
ரசம் இறக்கிவைத்துச் சாப்பிட்டு முடிக்கையில்
ரோந்து பைக் நின்றது.
"கூட யாரு?"
பதில் சொல்லாமல் தள்ளி நின்றேன்.
டார்ச் பலகை மேல் போனது,
குப்பிகள் மேல், என் செருப்பு மேல்,
ஓட்டையில் நின்றது.
"இது எதுக்கு?"
"காலுக்கு."
கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.
"சிலிண்டர மூடிட்டு நீட்டுங்கம்மா"
என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மூடினேன்.
படுத்து நீட்டினேன்.
மேலே ரசச் சட்டி ஆறிக்கொண்டிருந்தது.
அதன் சூடு பலகை வழியே மெல்ல இறங்கிக்
கட்டைவிரலுக்கு வந்தது.
கீழ் இழுப்பறை
அலை வரும்போதெல்லாம்
ஒரு நூல் திறந்து
ஒரு நூல் மூடியது.